நடு இருக்கையின் நட்டுகள்

அந்த வான் எங்கள் படலையைத் தாண்டி உள்ளே வந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது. நாயாற்றுக் கரையிலிருந்து அக்கராயன் வரை வருகிற வாகனம் புழுதி பூசிக்கொண்டுதான் வர வேண்டும். இதுவோ குளித்துத் தலைவாரிய பள்ளிக்கூடப் பிள்ளைபோல் முற்றத்தில் வந்து நின்றது. அப்படியென்றால் விற்க வந்தவன் வழியில் எங்கேயோ நிறுத்திக் கழுவியிருக்கிறான். எதைக் கழுவினான்?

"இவருக்குக் கிணத்துத் தண்ணியிலயும் சந்தேகம்" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பொய்யில்லை. விதைநெல் வாங்கினால் சாக்கின் அடிவரை கையை விட்டுப் பார்ப்பேன். டாக்குத்தர் எழுதித் தந்த குளிசையை இரண்டு மருந்துக்கடையில் காட்டித்தான் வாங்குவேன். இதனால் நான் ஏமாறாமல் வாழ்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே ஏமாந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், இப்படி நடக்கும் என்று முன்பே நினைத்தேன் என்கிற ஆறுதல் மட்டும் மிஞ்சும்.

வான் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். முந்திய வருடம் நெல்மூட்டை ஒன்றை இழுக்கப்போய் மனைவிக்கு முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது. வவுனியா ஆசுப்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தேன். வரும்போது அவள் முன்சீற்றின் கம்பியைப் பிடித்தபடி அழுத அழுகையை இன்றும் நினைக்க விருப்பமில்லை. அதற்குப் பிறகு, பக்கத்து ஆசுப்பத்திரிக்கு முச்சக்கரவண்டியில் போவதைத் தவிர, அவள் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. இன்னொரு முறை இப்படிக் குலுங்கினால் எழும்பி நடப்பது கஷ்டம் என்று டாக்குத்தரும் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் ஓமந்தையில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது. தலைப்பிள்ளை. முறைப்படி அவளை நாங்கள் இங்கே கூட்டிவந்து வைத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் கூடுகிறது, வவுனியாவுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று அங்கே மறித்துவிட்டார்கள். மகள் வர முடியாது, ஆகவே தாய் போக வேண்டும். அதில் என் மனைவிக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"வாகனம் கிடைச்சால் வாகனத்தில போவன். கிடைக்காட்டில் பஸ்ஸில போவன். பேந்து எழும்பேலாமல் போனால் போகட்டும். அவளின்ர பிள்ளையை நான்தான் கையில வாங்குவன்" என்றாள்.

சொன்னால் செய்கிற பெண் அவள். அதுதான் எனக்குப் பயம்.

எங்களிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு உழவு இயந்திரமும். ஆகவே வான் தேடத் தொடங்கினேன். பார்த்ததிலெல்லாம் பிழை கண்டுபிடித்தேன். ஒன்றில் கதவு உயரம், ஒன்றில் இருக்கை பலகை, ஒன்றின் சொந்தக்காரன் அளவுக்குமிஞ்சிச் சிரித்தான். கடைசியில், கரையில் மீன் எடுத்து விற்கிற ஒரு உறவுக்காரர் மூலமாக இந்த ஆள் கிடைத்தான். நாயாற்றுப் பக்கத்துக் கடற்றொழிலாளி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், நாற்பது வயதிருக்கும். "குடும்ப வான் அண்ணை, வீட்டு ஓட்டம் மட்டும்தான்" என்று போனில் சொன்னான். கடற்கரையில் இருக்கிற ஒருவன் வானை வைத்துக்கொண்டு வீட்டு ஓட்டம் மட்டும் ஓடியிருக்கிறானாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. எனக்கு அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு மாமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டான். விற்க வந்தவனுக்கு அவசரமில்லை என்றால் அதுவும் நல்ல அறிகுறி அல்ல.

முதலில் காந்தத்தை எடுத்தேன். பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் அது. அடிபட்ட இடத்தைப் பசை பூசி மூடி வர்ணம் அடித்திருந்தால் காந்தம் அங்கே பிடிக்காது. முன்னாலிருந்து பின்வரை தடவிக்கொண்டு போனேன். எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. நிலத்தில் படுத்து அடிப்பக்கம் பார்த்தேன். உப்புக்காற்றில் நின்ற வண்டிக்குக் கொஞ்சம் கறள் இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

அடுத்தது மீன். இவன் நிச்சயம் மீன்பெட்டி ஏற்றியிருப்பான் என்று நினைத்தேன். என் மூக்கை நான் நம்புவதில்லை, பாதி வயதை மண்ணெண்ணெய்ப் புகையில் கழித்த மூக்கு அது. ஆகவே குசினிக்குள் கிடந்த பூனையைத் தூக்கிவந்து வானுக்குள் விட்டேன். மீன்வாடை ஒரு நூல் அளவு இருந்தாலும் அது சும்மா இருக்காது. பூனை பின்பக்கமாகப் போய் முகர்ந்தது. இருக்கைக்குக் கீழே போய் வந்தது. பிறகு நடு இருக்கையில் ஏறிக் காலை நக்கிக்கொண்டு படுத்துவிட்டது.

மாமரத்தடியில் இருந்தவன் கேட்டான்: "அண்ணை, பூனைக்குப் பிடிச்சிட்டுது போல. உங்களுக்கு?"

மனைவி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். அவள் சிரித்துக் கன நாளாகியிருந்தது. எனக்கு அந்த ஆள்மேல் இன்னும் கோபம் வந்தது.

பூனையை இறக்கத்தான் உள்ளே ஏறினேன். ஏறியதால்தான் கண்டேன். முன் இருக்கை, பக்கச் சுவரோடு மடிகிற பின் இருக்கை எல்லாவற்றின் நட்டுகளும் கறுத்துக் கறள் ஏறியிருந்தன. நடு இருக்கையின் நட்டுகள் மட்டும் பளபளவென்று மின்னின. விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது. ஒரு தரம் இரண்டு தரம் கழற்றிப் பூட்டியதால் வருகிற தேய்வு அல்ல. விரிப்பைத் தூக்கினேன். பின்கதவடியிலிருந்து சாரதி இருக்கையின் முதுகுவரை தகரத்தில் நீளத்துக்கு இரண்டு கீறல், தண்டவாளம்போல. ஓரத்தில் வெள்ளையாகத் துளித்துளியாக ஏதோ உறைந்து கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மெழுகுதிரி மெழுகு.

கையைச் சாணாக வைத்து அந்தக் கீறலை அளந்தேன். ஒரு ஆள் நீளம் வந்தது. தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது செத்தவீட்டு வான். இருக்கையைக் கழற்றிவிட்டுப் பெட்டி வைத்து ஏற்றியிருக்கிறான். தலைப்பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்கு இந்தத் துடக்கை, இந்தச் சாவுத்தீட்டை விற்க வந்திருக்கிறான். வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியால் இறங்கி வந்துவிட்டாள்.

"ஒருக்கா ஓடிப் பாப்பம். நான் இருந்து பாக்காமல் நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது" என்றாள்.

அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் கதவின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சை அடக்கி, மற்றக் காலையும் எடுத்து வைத்துவிட்டாள். படி பதிந்து தாழ்வாக இருந்தது. என் தோளைப் பிடிக்கவில்லை. அந்த நடு இருக்கையிலேயே போய்ச் சாய்ந்துகொண்டாள். நான் சாவியை வாங்கினேன். ஓடிக் காட்டிவிட்டு, பிழை சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எண்ணினேன். ஓடினால் கட்டாயம் ஏதாவது பிழை தெரியும்.

சொந்தக்காரன் எனக்குப் பக்கத்தில் ஏறினான். குளக்கட்டுக்குக் கீழால் போகிற ஒழுங்கையில் மதகடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. முச்சக்கரவண்டியில் போனாலும் சரி, ஆறுதலாக ஓட்டினாலும் சரி, அந்த இடத்தில் அவள் "ஐயோ அம்மா" என்று கத்துவாள். கத்தட்டும், இன்றோடு கதை முடியும் என்று நினைத்துக்கொண்டே வேகத்தைக் குறைக்காமல் விட்டேன். நினைத்ததற்காக அந்த இடத்திலேயே வெட்கமும் பட்டேன். வான் ஒருமுறை மெல்லத் தாழ்ந்து நிமிர்ந்தது. பின்னால் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவள் யன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உமக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."

முறிகண்டி வீதிக்கு வந்ததும் எனக்கு வேறு தொல்லை தொடங்கியது. நான் வாகனம் ஓடப் பழகியது யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில். ஒரு துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓட்டுவோம். எஞ்சினோடு நாமும் சேர்ந்து கஷ்டப்பட வேண்டும். இந்த வானில் அப்படி எதுவும் இல்லை. ஸ்ரேறிங் ஒரு விரலுக்கே திரும்பியது. எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. உள்ளபடி சொன்னால், ஓட்டச் சந்தோசமாக இருந்தது. சந்தோசமாக இருந்ததால் எரிச்சலாகவும் இருந்தது. செத்தவீட்டு வானை ஓட்டிக்கொண்டு சீட்டியடிக்கப் பார்க்கிறாயே என்று என்னையே திட்டினேன். உண்மையில் நான் சீட்டியடிக்கத் தொடங்கிவிட்டிருந்தேன்.

மறுபடி கண்ணாடியில் பார்த்தேன். அவள் தலை சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்தபடி நித்திரையாகியிருந்தாள். கட்டிலில் கிடந்தே இரவு இரவாக முனகுகிற மனுசி, ஓடுகிற வாகனத்தில் இருந்தபடி நித்திரை கொள்கிறாள். இப்படி ஒரு வான் இனிக் கிடைக்காது என்று அந்த நிமிசமே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல வானாக இருக்கிறதே என்று கோபம் கோபமாக வந்தது.

முறிகண்டியில் நிறுத்தினேன். அங்கேயிருக்கிற வீதியோரப் பிள்ளையாரிடம் நிற்காமல் கண்டி வீதியால் போகிற வாகனம் குறைவு. நான் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவன் அதற்குள் இரண்டு கடதாசிச் சரையில் கச்சான்கடலை வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினான். பிள்ளையாருக்கு முன்னால் அவனைச் சத்தியம் பண்ணச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேதக்காரனைப் பிள்ளையாரில் சத்தியம் பண்ண வைத்தால் அது எங்களைக் கட்டுமா, அவனைக் கட்டுமா என்று தெரியாததால் விட்டுவிட்டேன். நேராகவே கேட்டேன்.

"தம்பி, நடுச் சீற்றை எத்தினை தரம் கழட்டினனீர்?"

கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"பூனையை விட்ட நேரமே நினைச்சனான், நீங்கள் கேப்பியள் எண்டு" என்றான். "கேட்டால் மறைக்கிறேல்லை, கேக்காட்டில் சொல்லுறேல்லை எண்டுதான் வெளிக்கிட்டு வந்தனான் அண்ணை. எங்கட கரையில வாகனம் வைச்சிருக்கிறவை குறைவு. ஆசுப்பத்திரியில ஆரும் மோசம் போனால் என்ர வீட்டு வாசல்லதான் வந்து நிப்பினம். அந்த முகத்தைப் பாத்து ஏலாது எண்டு சொல்லேலுமே? சீற்றைக் கழட்டி வைச்சிட்டுப் போவன். கூலி ஒருநாளும் வாங்கினதில்லை."

"அப்ப குடும்ப வான் எண்டனீர்?"

"குடும்பத்துக்கெண்டுதான் வாங்கினனான். மடு மாதா திருவிழாவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு ஆசை. இப்ப பிள்ளையள் ஏறமாட்டுதுகள். பள்ளிக்கூடத்தில சவ வான் எண்டு பகிடி பண்ணுதுகளாம். மனுசிக்கும் விருப்பமில்லை. போன முறை அவை எல்லாரும் பஸ்ஸில போச்சினம். நான் வானில தனியப் போனனான்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்நாளிலேயே முழுக்க முழுக்கச் சரியாக வந்த சந்தேகம் இது ஒன்றுதான். அதில் ஒரு சந்தோசமும் இருக்கவில்லை. அவன் நல்லவன் என்பதும் தெரிந்துவிட்டது, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"குறை நினையாதேயும் தம்பி. முதல் பிள்ளை பிறக்கிற விசயம். இது சரிவராது. திருப்பிக்கொண்டு போவம்" என்றேன்.

"ஏன் சரிவராது?"

கேட்டது மனைவி. வான் நின்றதும் எழும்பியிருக்கிறாள். யன்னல் திறந்திருந்தது. நாங்கள் கதைத்ததெல்லாம் அவள் காதுக்கு நேரேதான் கதைத்திருக்கிறோம்.

நான் துடக்கு என்றேன், தலைப்பிள்ளை என்றேன். சொல்லி முடிக்கும்வரை அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு ஏறின உடனையே தெரியும். செத்தவீட்டுப் பன்னீர் மணந்தது" என்றாள். பிறகு கேட்டாள்: "சண்டைக்க எங்கட ரைக்ரர் பெட்டியில நீங்கள் ஏத்தின ஆக்கள் எல்லாரும் நிமிந்து இருந்துகொண்டோ வந்தவை?"

நான் கச்சான் சரையைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"அதைக் கிணத்தடியில நான்தான் கழுவினனான். அடுத்த போகத்துக்கு அதிலதான் விதைநெல்லு ஏத்தினனீங்கள். அந்தச் சோத்தைத்தான் மகளுக்கும் தீத்தி வளத்தனாங்கள். அப்ப வராத துடக்கு இப்ப எங்கையிருந்து வந்தது?"

அந்த உழவு இயந்திரமும் அது இழுக்கிற பெட்டியும் இப்போதும் எங்கள் கொட்டிலில் நிற்கின்றன. எத்தனை இடப்பெயர்வில் எத்தனை பேரை அதில் ஏற்றினேன், அதில் எத்தனை பேரைத் தூக்கி இறக்கினோம் என்று நான் எண்ணியதில்லை. எண்ண விரும்பியதும் இல்லை. உலகத்தில் எல்லாவற்றிலும் சந்தேகப்பட்ட எனக்கு அந்தப் பெட்டியில் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அது நெல்லுப் பெட்டி, எங்கள் பெட்டி. வன்னியில் ஓடின வண்டி ஒன்றைப் பிடித்து, பிரேதம் ஏற்றினாயா என்று விசாரிக்கிறேன். நாயாற்றான் என் வீட்டு வண்டியை வாங்க வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அவள் என்னை விட்டுவிட்டு அவனிடம் திரும்பினாள்.

"தம்பி, இந்தச் சீற்றைக் கழட்டி விடுவியளோ? இருக்கிறதும் பரவாயில்லைத்தான். ஆனால் படுத்தால் நான் ஓமந்தை என்ன, கொழும்புக்கும் போவன்."

"கழட்டலாம் அக்கா. ஸ்பனர் சீற்றுக்குக் கீழதான் கிடக்கு" என்றான் அவன். என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டினேனா இல்லையா என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் அந்த இருக்கையைக் கழற்றிய வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழகின கை. கழற்றித் தூக்கி என் கையில் தந்தான். கனமாக இருந்தது. அதை நெல்லுச் சாக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

விலை எல்லாம் பேசி முடிந்து அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனபோதும் ஒரு விசயம் மனதுக்குள் அரித்தது. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"தம்பி, அவையின்ர தலைமாடு எந்தப் பக்கம்?"

"பின்பக்கம் அண்ணை."

ஆகவே ஓமந்தைக்குப் போகிற அன்று மெத்தையை விரித்து, அவளுடைய தலையை முன்பக்கம், என் இருக்கைக்குப் பின்னால் வைத்துப் படுக்கச் சொன்னேன். எதற்கென்று அவளுக்கு விளங்கிவிட்டது. "எந்தப் பக்கம் படுத்தாலும் ஓமந்தைதானே வரும்" என்று முணுமுணுத்தாள். ஆனால் சொன்னபடி படுத்தாள்.

அதில் நான் நினைக்காத ஒரு பிழை இருந்தது. நேர் பின்னால் படுத்திருக்கிற ஆள் கண்ணாடியில் தெரியமாட்டார். கண்ணாடியில் வெறும் பின்கதவும் ஓடுகிற ரோட்டும்தான் தெரிந்தன. மாங்குளம் வரை ஒருமாதிரிப் பொறுத்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை.

"இஞ்சை, கேக்குதோ?"

"ஓம்."

கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஓம் என்றாள். புளியங்குளம் தாண்டியபிறகு கூப்பிட்டேன், பதில் இல்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டேன். ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பக்கக் கதவை இழுத்தேன். வெளிச்சம் முகத்தில் பட்டதும் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். என் முகத்தில் என்ன கிடந்ததோ தெரியாது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"நித்திரையாப் போனன், அவ்வளவுதான்" என்றாள். "இருக்கிறன். ஓட்டுங்கோ."

அதற்குப் பிறகு அவள் நித்திரை கொள்ளவில்லை. ஓமந்தை வரும்வரை நான் கூப்பிட முன்னமே தானாக ஏதாவது கதைத்துக்கொண்டு வந்தாள். மகளுக்குக் காய்ச்ச வேண்டிய பத்தியச் சரக்கு, மருமகனின் தாய், கத்தரிக்காய் என்று தொடர்பே இல்லாத கதைகள். எனக்காகத்தான் கதைக்கிறாள் என்று தெரிந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, நான் கதவுக்கு வர முன்னமே அவள் எழும்பி இருந்துவிட்டாள்.

பேத்தி பிறந்ததும் அதே வானில்தான் ஆசுப்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். மெத்தையில் இந்தமுறை மகள் படுத்திருந்தாள். பக்கத்தில் மனைவி சுவரோடு சாய்ந்து கால்நீட்டி இருந்து பிள்ளையை வைத்திருந்தாள். தலைமாடு எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. வவுனியாவில் தொடங்கிய பிள்ளை வழி முழுக்க வீரிட்டு அழுதது. பாலுக்கா, வயிற்றுக்குத்தா, குளிர்காற்றா, திரும்ப ஆசுப்பத்திரிக்கே கொண்டு போவோமா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வானை நிறுத்தட்டுமா என்றும் கேட்டேன்.

"நிப்பாட்டாதேயுங்கோ" என்றாள் மனைவி. "இந்த வானில இதுக்கு முதல் ஆசுப்பத்திரியால வீட்டுக்குப் போன ஒருத்தரும் வழியில அழுதிருக்க மாட்டினம். இவள் அழட்டும்."